திறந்த புத்தகமும் பூட்டிய நோட்டும்

‘எனக்கு மறைக்க என்ன இருக்கு?’ என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவர், உங்கள் மாடிப்படியில் ஒருவர், உங்கள் சம்பந்தி வீட்டில் நிச்சயம் ஒருவர். செருப்பு வாங்கப் போன இடத்தில் கல்லாவில் இருக்கும் பெண் போன் நம்பர் கேட்டால் நாமெல்லாம் ஒரு நொடி விழித்து, பிறகு கடைசி இரண்டு எண்ணை இடம் மாற்றிச் சொல்லிவிட்டு நல்ல பிள்ளையாக நிற்போம் அல்லவா? இவர் தன் நம்பரைச் சொல்வார், மனைவி நம்பரையும் சொல்வார், இரண்டிலும் ஆள் கிடைக்காவிட்டால் மச்சினனைக் கூப்பிடுங்கள் என்று அவன் நம்பரையும் எண் எண்ணாகச் சொல்லி, அவன் எப்போது தூங்குவான் என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவார். பல் டாக்டரின் வரவேற்பறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருக்க, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் மூலத்தைப் பற்றி அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருப்பவரும் இவர்தான்.

புதிதாக ஓர் ஆப் இறக்கினால் நாற்பது பக்கத்துக்கு நிபந்தனை வரும். பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் இவர் விரல் அடியில் இருக்கும் ‘சம்மதம்’ மேல் போய் உட்கார்ந்துவிடும். கேமராவைத் திறக்கலாமா? திறங்கள். மைக்கைக் கேட்கலாமா? கேளுங்கள். நீங்கள் எங்கே போகிறீர்கள், வருகிறீர்கள் என்று எப்போதும் தெரிந்துகொள்ளலாமா? தாராளமாக. வீட்டில் ஒருவரும் இவ்வளவு அக்கறையாக விசாரிப்பதில்லை.

இந்த இனத்தாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அப்படியானால் குளிக்கும்போது ஏன் ஐயா கதவைச் சாத்துகிறீர்கள்? உடனே பதில் வரும்: “அது வேற.”

இந்த ‘அது வேற’யைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இந்த இனத்தில் முதல் தரம். பெண்களுக்குத் துணி தைப்பவர். “என் வாழ்க்கை ஒரு திறந்த புத்தகம்” என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வதால் தெருவே அவரைத் திறந்த புத்தகம் என்றுதான் கூப்பிடும். “ஆமா, படிக்கத்தான் ஆள் கிடைக்கல” என்பது அவர் மனைவியின் கருத்து. கடை வாசலில் ‘45 வருட அனுபவம்’ என்று பெரிய எழுத்தில் போர்டு, அதற்குக் கீழே போன் நம்பர். உள்ளே இரண்டு தையல் மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஓர் ஓவர்லாக் மிஷின், பாதி அறையை அடைத்துக்கொண்டு வெட்டும் மேஜை, மூலையில் போட்டுப் பார்க்கிற அறை. அந்த அறையின் திரையை அவரே தைத்தார். காற்றடித்தாலும் விலகக் கூடாது என்று கீழே ஈயக் குண்டு வைத்து, ஓரத்தில் கொக்கி போட்டு, இரண்டு மடிப்பு அதிகமாகவே விட்டிருக்கிறார்.

வெட்டும் மேஜைக்கு அடியில் ஒரு இழுப்பறை. அதற்குப் பூட்டு. அதற்குள் அளவு நோட்டு. அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இருக்கிற இருநூறு பெண்களின் தோள், மார்பு, இடுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. சாவி அவர் இடுப்பில். மனைவிகூட அந்த நோட்டைத் தொட்டதில்லை. பக்கத்தில் வேறொரு பெண் இருந்தால் அளவை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். டேப்பில் விரலை வைத்து அப்படியே பிடித்துக்கொண்டு நோட்டு வரைக்கும் நடந்து போய் எழுதுவார். எழுதுவதிலும் ஒரு சூட்சுமம். எல்லா அளவிலும் இரண்டு கூட்டித்தான் எழுதுவார். நோட்டு யார் கையிலாவது அகப்பட்டாலும் உண்மை தெரியாது. முப்பது வருடமாக இந்த இரண்டைப் பற்றி அவர் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

தங்கைக்குத் தெரியாமல் ஓர் உடுப்பு தைத்துக் கொடுக்கலாம் என்று ஒருத்தி ஆசையாக வந்து அவள் அளவைக் கேட்டால், “அவங்களே வரணும்” என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை யாரோ ஓர் ஆள் போனில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, “இவங்க இங்க தைக்க வர்றாங்களா?” என்று விசாரித்தான். படத்தில் இருந்தது நர்ஸ். பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். முதல் நாள் வந்தபோதே, “யாராவது வந்து கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க” என்று சொல்லியிருந்தாள். ஏன் என்று இவரும் கேட்கவில்லை. “நான் முகத்தைப் பார்க்கிறதில்லீங்க, தோள்பட்டையைத்தான் பார்க்கிறேன்” என்று சொல்லி அவனை வாசலோடு அனுப்பிவிட்டு, அன்று முழுக்க மிஷினில் நேராகத் தையல் போட முடியாமல் தவித்தார். பயம்தான். ஆனாலும் சொல்லவில்லை.

நல்ல மனிதர் என்கிறீர்களா? யார் இல்லை என்றார்கள்?

இந்த நிலையில்தான் புதுச் சட்டம் வந்தது. பதினாறு வயது ஆகாத பிள்ளைகள் சமூக வலைத்தளங்களில் இருக்கக் கூடாது. ஆகையால் ஒவ்வொருவரும் தனக்குப் பதினாறு ஆகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டும். கேமராவுக்கு முன்னால் முகத்தைக் காட்டினால் மிஷின் வயதைக் கணிக்கும். கணிக்க முடியாவிட்டால் அடையாள அட்டை. நம்மவருக்கு ஏக சந்தோஷம். வீட்டில் பதினைந்து வயதில் மகள் ஒருத்தி இருக்கிறாள். எந்நேரமும் போனும் கையுமாக.

“சட்டம் எங்களுக்குத்தானேப்பா? உங்க கார்டை எதுக்குக் கேக்குது?” என்றாள் மகள்.

“உள்ள வந்தது நீ இல்லைன்னு தெரிய வேண்டாமா?”

“நான் இல்லைன்னு தெரியறதுக்கு, மத்த எல்லாரும் யாருன்னு தெரியணுமா?”

“தெரிஞ்சா என்ன? நமக்கு மறைக்க என்ன இருக்கு?”

“அப்ப உங்க அளவு நோட்டைக் காட்டுங்க.”

“அது வேற.”

அன்றே குளித்து, வழவழவென்று சவரம் செய்து, கல்யாணப் போட்டோவுக்குச் சிரிப்பதுபோல் சிரித்து முகத்தைக் காட்டினார். ‘உங்கள் வயதை உறுதிசெய்ய முடியவில்லை’ என்றது மிஷின். மூன்று முறை காட்டினார். மூன்று முறையும் அதே. “மூளையைப் பார்த்துச் சொல்லுது போலிருக்கு” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. கடைசியில் அட்டையை முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பித்தான் உள்ளே போக முடிந்தது.

மகள் என்ன ஆனாள்? மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். காலையில் அலாரம் அடிக்கும்போது அம்மா வைத்துக்கொள்வாளே ஒரு முகம், அதை வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வயது என்று மிஷின் மரியாதையாக உள்ளே விட்டது. யாரைத் தடுக்கச் சட்டம் வந்ததோ அவள் ஒரு நிமிடத்தில் உள்ளே. அவளைப் பெற்றவர் அட்டையோடு வரிசையில். இது அந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஏதோ உங்களை நம்பிச் சொல்லிவிட்டேன், வெளியே விட்டுவிடாதீர்கள்.

தன் வேலை முடிந்ததோடு அவர் விட்டாரா? விட மாட்டார், இந்த இனம் தனியாகத் திறந்துகொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவரையும் பிடித்துத் திறக்கும். கடைக்கென்று ஒரு குரூப் வைத்திருந்தார். கழுத்து மாடல், கை மாடல் என்று படம் போடுவார். வயதை நிரூபிக்காதவர்கள் குரூப்பிலிருந்து விழுந்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் கடையையே முகாமாக்கிவிட்டார். நாற்காலியை வெளிச்சம் பார்த்து இழுத்துப் போட்டு, வருகிறவர்களை உட்காரவைத்து, “நேரா பாருங்க, இடது பக்கம் திரும்புங்க, இப்ப வலது பக்கம், தோளைத் தளர்த்துங்க” என்பார். வயதுக்கும் தோளுக்கும் சம்பந்தமில்லை, தொழில் பழக்கம். முகம் தேறாதவர்களின் அட்டையை மேஜைமேல் துணி விரித்து வைத்துப் படமெடுப்பார். சரிபார்க்கும் எண் ஒவ்வொருவர் போனிலும் வந்து, அதைத் தேடி, கண்ணாடியை எடுத்து, சொல்வதற்குள் நேரம் போய்விடுகிறது என்று எல்லோருக்கும் தன் நம்பரையே போட்டுவிட்டார். இருபத்து மூன்று பெண்கள். ஒரே நம்பர். செருப்புக் கடை, மருந்துக் கடை, ஜெராக்ஸ் கடை என்று ஊருக்கே மனப்பாடமான அதே நம்பர்.

ஒரு சனிக்கிழமை நான்கைந்து பேர் இருக்கும்போது நர்ஸ் வந்தாள். கொடுத்திருந்த இரண்டு யூனிஃபார்ம் தைத்தாயிற்றா என்று கேட்க வந்தவள். எப்படித் தைத்திருப்பார்? வெட்டியதோடு சரி. ஆசாமிக்குத்தான் ஒரு வாரமாக வேறு வேலையாயிற்றே.

“நாளைக்குக் கண்டிப்பா குடுத்துடறேன், சிஸ்டர். அதுக்குள்ள இங்க உட்காருங்க. கார்டு இருக்கா? ரெண்டு நிமிஷ வேலை.”

“எனக்கு வேண்டாங்க.”

“வேண்டாம்னா குரூப்லருந்து தூக்கிடுவாங்க. அப்புறம் புது மாடல் ஒண்ணும் உங்களுக்குத் தெரியாமப் போயிடும்.”

“யூனிஃபார்ம்ல என்னங்க புது மாடல்?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்றது. “கார்டைக் காட்டறதுல என்ன பயம்? சொல்லுங்க பார்ப்போம். நமக்கு மறைக்க என்ன இருக்கு?” என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

சிரிப்பு நின்றது. எல்லாத் தலையும் நர்ஸ் பக்கம் திரும்பியது. அதுவரை யூனிஃபார்ம் தைக்க வரும் யாரோ ஒருத்தியாக இருந்தவள், ஒரே வாக்கியத்தில் எதையோ மறைக்கிறவளாக ஆகிவிட்டாள். முகாமில் முதல் ஆளாக முகம் காட்டியிருந்த டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இத்தனைக்கும் அவள் எதற்காக ஒளிந்திருக்கிறாள் என்று ஓரளவு ஊகித்திருந்த ஒரே ஆள், அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான்.

நர்ஸ் கோபப்படவில்லை. “அளவு நோட்டை எடுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“என் பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்துடுங்க.”

முப்பது வருடத்தில் யாரும் கேட்காத ஒன்று. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. “பூட்டித்தானே வெச்சிருக்கேன், சிஸ்டர். யாரும் பார்க்க மாட்டாங்க.”

“அந்த ஆப்லயும் அப்படித்தான் போட்டிருக்கு.”

“அது வேற…”

“எது வேற?” என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

பூட்டைத் திறந்தார். அவள் பக்கத்தின் பின்புறம் டீச்சருடைய அளவு. கிழித்தால் அதுவும் போய்விடும். பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாமல் எழுதுகிறவர்போல் இடது கையால் மறைத்துக்கொண்டு டீச்சரின் அளவை வேறு பக்கத்தில் எழுதிக்கொண்டார். பின்புறத்தை மையால் கறுப்பாக அடித்தார். பிறகு ஓரமாகக் கிழித்துக் கொடுத்தார். அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அப்போதுதான் அவருக்கு அந்த இரண்டு ஞாபகம் வந்தது. வேறு கடைக்காரன் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தைத்தால் யூனிஃபார்ம் கூடாரம் மாதிரி தொங்கும்.

வாசலுக்கு ஓடினார். “சிஸ்டர், வேற எங்கயாவது தைக்கக் குடுத்தா, எல்லாத்துலயும் ரெண்டு கழிச்சுக்கச் சொல்லுங்க.”

அவள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். கடைக்குள் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முப்பது வருட ரகசியம் தெருவோடு போயிற்று.

அதற்கு எட்டாம் நாள் காலை மகள் போனை நீட்டினாள். வயதைச் சரிபார்த்துத் தருகிற கம்பெனி எங்கேயோ இருக்கிறது. பெயர் யார் வாயிலும் நுழையாது. அதன் பெட்டகத்தை எவனோ உடைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே கொட்டிவிட்டான். ஒரு பக்கத்தில் போன் நம்பரை அடித்தால் போதும்: முகம், பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம்.

“உங்க நம்பரைப் போட்டேன்ப்பா” என்றாள் மகள். “வரிசையா வந்துட்டே இருக்கு.”

முதலில் அவர் படம். கல்யாணச் சிரிப்பு. அப்புறம் டீச்சர், நேராக. டீச்சர், இடது பக்கம். டீச்சர், வலது பக்கம். அப்புறம் மற்றவர்கள், ஒருவர் பின் ஒருவராக இருபத்து மூன்று பேர், பின்னணியில் அவர் கடையின் திரை. அவர் விரல் தள்ளிக்கொண்டே போய்க் கடைசிப் படத்தில் நின்றது. அடுத்ததாக யார் இருந்திருப்பாள் என்பது அவருக்குத் தெரிந்தது. வாசலில் படத்தைக் காட்டி விசாரித்த ஆளின் முகமும் ஞாபகம் வந்தது. அவன் போனில் தன் நம்பர்கூட இருக்கலாம்; போர்டிலேயே எழுதியிருக்கிறதே. மனிதருக்கு அன்று வெட்கமாகத்தான் இருந்தது.

தெரு அவ்வளவு சோகப்படவில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது. ஐம்பதே முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த டீச்சருக்கு ஐம்பத்தெட்டு. மாடி வீட்டு அம்மாள் தன் அக்கா என்று சொல்லிவந்தவளைவிட இரண்டு வயது பெரியவள். நம்மவருக்கு ஐம்பத்து மூன்று.

பகல் பன்னிரண்டு மணிக்கு டீச்சர் கடைக்குள் வந்தார். போர்டை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை. “நாற்பத்தஞ்சு வருஷ அனுபவம். அப்ப எட்டு வயசுலயே தைக்க ஆரம்பிச்சீங்களா?”

“எங்கப்பா அனுபவத்தையும் சேர்த்துப் போட்டது, டீச்சர்.”

“இருக்கட்டும். என் பக்கத்தைக் குடுங்க.”

“டீச்சர், அது இந்த நோட்டுலருந்து போகல…”

“குடுங்க. ரெண்டு கழிச்சுக்கறேன்.”

அன்றைக்கும் மறுநாளும் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நோட்டு அட்டையும் நூலுமாக மெலிந்துவிட்டது. கடையில் மிஷின் சத்தம் குறைந்தது. நர்ஸின் யூனிஃபார்ம் இரண்டையும் தைத்து, இஸ்திரி போட்டு, கொக்கியில் மாட்டி வைத்தார். போய்ச் சொல்ல அவள் வீடு தெரியாது; ஆஸ்பத்திரியில் போய் அவளை விசாரிக்க மனம் வரவில்லை. குரூப்பிலிருந்தும் அவள் விழுந்துவிட்டாள், கூப்பிட நம்பரும் இல்லை. அதுவும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் காத்திருந்தார்.

மூன்றாவது வாரம் அவள் வந்தாள். யூனிஃபார்மை வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து புதுத் துணி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, சிஸ்டர்” என்றார் அவர்.

“ஆமா” என்றாள் அவள்.

டேப்பை எடுத்தார். தோளில் வைத்தார், விரலால் பிடித்தார், மேஜைக்கு நடந்து வந்தார். எங்கே எழுதப்போகிறார் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இழுப்பறையை அவர் தொடவில்லை. துணியைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தில், சாக்குக்கட்டியால் சின்னதாக எழுதினார். கூட்டவில்லை, கழிக்கவில்லை, உள்ளபடி எழுதினார்.

“அடுத்த தடவை?” என்றாள்.

“திரும்ப எடுப்போம். இது முதல் தண்ணியிலேயே போயிடும்.”

அவள் துணியை அவர் பக்கமாக நகர்த்தினாள். இப்போது அந்தக் கடையில் எல்லோருக்கும் சாக்குக்கட்டிதான். டீச்சரும் திரும்பி வந்துவிட்டார். அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வது மட்டும் மாறவில்லை.

அடியோடு திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நம்பர் வாங்கினார். வாங்கிய கடையிலேயே, “வேற நம்பர் ஏதாவது இருக்கா சார்?” என்று கேட்டார்கள். மனைவி நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் அந்த இனம் இல்லை என்ற தைரியத்தில் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும், ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மகள் அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷினை ஏமாற்றிய கதை இருக்கிறதே, உங்களை நம்பி நான் சொன்னது, அதை இதற்குள் யாரிடமும் சொல்லிவிடவில்லையே?

சொல்லிவிட்டீர்களா? ஒரே ஒருவரிடம்தானா?

சரி, விடுங்கள். சின்னப் பெண் விஷயம்தானே, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள்.